கீரமங்கலத்தில் ஊமையான நாற்பது மீட்டர்கள்

"நான் கம்பியை அறுத்துட்டேன்னு இன்ஜினியர் எழுதிக் குடுத்திருக்காருங்க மேடம்."

நல்லதம்பி நீட்டிய புகார் நகலைப் படித்ததும் ஷர்லிக்குச் சிரிப்புத்தான் வந்தது. மின்மீட்டர் சோதனைக் கூடத்தில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எது கோளாறு, எது குற்றம் என்று பிரித்துச் சொல்லப் புதுக்கோட்டையில் அவரைத் தேடித்தான் வருவார்கள்.

நல்லதம்பி கீரமங்கலத்தில் பதினான்கு வருஷமாக ஒப்பந்த வயர்மேன். அங்கே கடைவீதியில் நாற்பது ஸ்மார்ட் மீட்டர்கள். கரண்டு வருகிற கம்பியிலேயே அவை தங்கள் அளவுகளையும் சிக்னலாக அனுப்பும். டிரான்ஸ்பார்மர் அருகிலுள்ள பெட்டி அவற்றை வாங்கிக்கொள்ளும். ஒரு மாதமாகக் காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை நாற்பதும் ஊமையாகிவிடுகின்றன. மீட்டர் பொருத்திய கம்பெனியின் இன்ஜினியர் சூர்யபிரகாஷ், பழியை நல்லதம்பி தலையில் போட்டுவிட்டார். சனிக்கிழமை வேலை போகும், அடுத்தது போலீஸ்.

"அந்நேரம் ஃபேன் நின்னுச்சா?"

"இல்லைங்க, நல்லாத்தான் ஓடுச்சு."

"கம்பியை அறுத்தா ஃபேன் எப்படி ஓடும்? இதுகூடத் தெரியாத ஒரு இன்ஜினியர்!"

பக்கத்துக் கடையில் ரேடியோ பழுதுபார்க்கும் இக்பால் அதற்குள் பையைத் தோளில் மாட்டிவிட்டார். துப்பு என்றால் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்புகிற ஆள். "அக்கா, போவமா?"

பதினொன்றரைக்குக் கீரமங்கலம் போய்ச் சேர்ந்தார்கள். டிரான்ஸ்பார்மரை ஒட்டி ஒற்றை அறையில் கம்பெனி அலுவலகம். ஜன்னல் வழியே ஒரு வயர் வெளியே இறங்கி மின்சார ஸ்கூட்டரில் முடிந்தது.

"இவனுக்கு என்ன தெரியும் மேடம்?" நல்லதம்பி பக்கத்திலேயே நிற்க, சூர்யபிரகாஷ் கூசாமல் சொன்னார். "கம்பியில டேட்டா போகுதுன்னு சொன்னா வாயைப் பொளப்பான்."

ஷர்லி வருகை, சிக்னல் பதிவேடுகளைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். "ஸ்கூட்டர் உங்களோடதா?"

"ஆமா. ஆலங்குடியிலேர்ந்து வாரேன், சார்ஜ் போடாம திரும்ப முடியாது. பத்து மணிக்கு வந்ததும் போட்டா ஒரு மணிக்கு நிறைஞ்சிரும். பழைய சார்ஜர் போன மாசம் புகைஞ்சுபோச்சு. சந்தையில மலிவா ஒண்ணு வாங்கினேன்."

இக்பால் கைரேடியோவை அந்தச் சார்ஜரிடம் கொண்டுபோனார். வண்டுக் கூட்டம் புகுந்தது போல ரேடியோ இரைந்தது.

"ஒண்ணுந் தெரியாதவன்னு சொல்றீங்க" என்றார் ஷர்லி. "அப்புறம் கரண்டை விட்டுட்டு சிக்னலை மட்டும் எப்படி நிறுத்துனாரு? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க. பதினாலாம் தேதி நல்லதம்பி நாள் முழுக்க டூட்டி. அன்னைக்குச் சிக்னல் ஒரு நிமிஷம்கூட நிக்கலை. நீங்கதான் திருச்சி மீட்டிங்ல இருந்தீங்க. நீங்க லீவு போட்ட நாலு நாளும் இதே கதை. கோளாறு உங்களோட வருது, உங்களோட போகுது. இக்பால், பிளக்கைப் பிடுங்கு."

பத்து நிமிஷத்தில் அலுவலகக் கம்ப்யூட்டர் திரையில் மீட்டர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. கடைசியாக நாற்பதாவதும் வந்தது.

"மட்டமான சார்ஜர் கம்பியில இரைச்சலைக் கொட்டுது. பெட்டிக்குப் பக்கத்துலயே கொட்டுனா மீட்டர் பேசுறது எப்படிக் கேக்கும்? சந்தையில சத்தத்துக்கு நடுவுல ரகசியம் பேசுற மாதிரிதான். இதைக் கண்டுபிடிக்கப் பட்டம் வேண்டாம் சார். அடுத்தவனைக் குத்தவாளின்னு எழுதறதுக்கு முந்தி, நம்ம ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாப் போதும்."

சூர்யபிரகாஷின் முகம் கறுத்தது. "தெரியாம நடந்துபோச்சு... ஸாரி, நல்லதம்பி. இது நமக்குள்ளயே இருக்கட்டும்."

நல்லதம்பி அசையவில்லை. "வாயால சொன்னது காத்தோட போயிருங்க சார். புகாரை எழுத்துலதானே குடுத்தீங்க?"

பேனா மெதுவாக நகர்ந்தது. 'கவனக்குறைவால் நேர்ந்த தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போனார் இன்ஜினியர். ஷர்லி தாளின்மேல் விரலை வைத்தார்.

"யாரோட கவனக்குறைவுன்னு எழுதலையே?"

சூர்யபிரகாஷ் நல்லதம்பியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வரியின் முன்னால் கிடந்த சின்ன இடத்தில், 'எனது' என்று நெருக்கி எழுதினார்.