வில்லா, கோயிங் டூவா?

அந்த மாலை பெய்த மழையில் ஒவ்வொரு துளியும் பூசணிக்காய் அளவு இருந்தது என்றால் நம்பமாட்டீர்கள். ஆகவே எலுமிச்சம்பழ அளவு என்றே வைத்துக்கொள்வோம்.

மருந்துக்கடை வாசலில் கட்டியிருந்த தார்ப்பாய்க்குக் கீழே இரண்டு பேர் ஒதுங்கி நின்றார்கள். அவன் வானிலை அலுவலகத்தில் தினசரி அறிக்கை எழுதுகிறவன். குடை வைத்துக்கொள்ளாதவன். வானிலைக்காரன் குடை பிடித்தால் தன் அறிக்கையைத் தானே நம்பாதவன் ஆகிவிடுவான் என்பது அந்த அலுவலகத்தின் எழுதாத சட்டம். அன்று அவன் எழுதியிருந்தது, 'தெளிந்த வானம்'.

அவள், புத்தகக் கட்டை நெஞ்சோடு அணைத்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன கண்கள்... மழையே ஒதுங்கி நின்று பார்த்துவிட்டுப் போகும் கண்கள். 'அவை என் பக்கம் திரும்பினால் என்ன?' என்று நினைத்தான். திரும்பவில்லை. அவை அவன் தலைக்கு நேர் மேலே, தண்ணீர் தேங்கித் தொப்பை போட்டிருந்த தார்ப்பாயைப் பார்த்தன.

"சார், தள்ளி நில்லுங்க. கொட்டப்போகுது."

"கொட்டாதுங்க. இன்னும் பத்து நிமிஷம் தாங்கும். நான் வானிலை ஆபீஸ்."

"அப்படியா? அப்ப கண்டிப்பா கொட்டும்."

கொட்டியது. தண்ணீரோடு ஒரு தவளையும் விழுந்து, அவன் தோளில் சற்று உட்கார்ந்து, கடைத்தெருவைப் பார்வையிட்டுவிட்டுப் போனது. அவள் சிரித்தாள்... அந்தச் சிரிப்புக்காக இன்னொரு தார்ப்பாயையும் தலையில் கவிழ்த்துக்கொள்ளலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

சொட்டச் சொட்ட மாடியேறினான். மேலே ஓர் ஆங்கில வகுப்பு. பதவி உயர்வுக்கு ஆங்கிலத் தேர்வு பாக்கி. அன்றுதான் அவனுக்கு முதல் நாள். கரும்பலகைக்கு முன்னால் சாக்பீஸோடு வந்து நின்றது... அவளேதான்!

"வாங்க வானிலை சார். உங்களை வெச்சே பாடத்தை ஆரம்பிச்சுடலாம். மழை வரும்னு மனசுல பட்டுச் சொன்னா, வில். மேகத்தைக் கண்ணால பார்த்துட்டு வரப்போகுதுன்னு சொன்னா, கோயிங் டு. அதுக்குச் சாட்சி வேணும். முடிவெடுக்கிறதும் அப்படித்தான். காலிங்பெல் அடிச்சதும், 'நான் திறக்கிறேன்'னு படக்குனு எழுந்தா, வில். முன்னாடியே தீர்மானம் பண்ணி வெச்சிருந்தா, கோயிங் டு."

"எங்க ஆபீஸ்ல எல்லாத்துக்கும் வில்லுதான் டீச்சர்."

"அதான் அம்பு எங்கெங்கேயோ போய் விழுது."

வகுப்பில் பதினாறு பேர் சிரித்தார்கள். பதினேழாவதாக அவனும் சிரித்தான்.

இரண்டே மாதத்தில் தேர்வில் தேறிவிட்டான். வகுப்புக்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை. பாடம் இன்னும் மண்டையில் ஏறவில்லை என்று பொய் சொன்னான். முழுப் பொய்யும் இல்லை. எதிர்காலத்தைச் சொல்ல மூன்றாவது வழி ஒன்றை அவள் நடத்திய அன்று, அவன் அவள் காதோரத்து முடியைக் கவனித்துக்கொண்டிருந்தான்.

முதல் வகுப்பிலிருந்து நான்கு மாதம் ஓடிய பிறகு, ஒரு புதன்கிழமை. வகுப்பு கலைந்துவிட்டது. பலகையைத் துடைத்தபடியே, பலகையிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்குச் சம்பந்தம் பேச வர்றாங்க. மாப்பிள்ளை கப்பல்ல என்ஜினியராம். அம்மா ஏற்பாடு."

"ஐ வில் மேரி யூ!"

சொன்னது தான்தானா என்று அவனே திரும்பிப் பார்த்தான். அவள் முகம் பளிச்சென்று மலர்ந்தது... உடனே கூம்பியது.

"காலிங்பெல் அடிச்ச மாதிரி சொல்றீங்க."

"என்னது?"

"கப்பல்காரர் வர்றார்னதும் படக்குனு தோணுச்சாக்கும்?"

"இலக்கணத்தை விடுங்க டீச்சர். மனுஷனைப் பாருங்க."

"மனுஷன் வாயில வர்றதுதானே இலக்கணம்?"

அவனுக்குச் சுருக்கென்றது. "எனக்குத் தப்பில்லாம பேச வராது. வர்றவரையே கட்டிக்குங்க."

தடதடவென்று இறங்கிப் போய்விட்டான். வியாழன் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. அவள் பாடத்தைக் கதவுக்கே நடத்தினாள். 'ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னால் குறைந்தா போய்விடுவார்? நான்தான் கேட்காமல் விட்டிருந்தால் என்ன...'

சனிக்கிழமை நல்ல வெயில். அவன் 'தெளிந்த வானம்' என்று எழுதியிருந்தான். வானமும் ஏதோ போனால் போகிறதென்று ஒத்துழைத்தது. வகுப்பு முடிந்து அவள் இறங்கி வந்தபோது, அதே தார்ப்பாய்க்குக் கீழே நின்றிருந்தான். கையில் மடக்கிய கறுப்புக் குடை. விரித்தால் ஒரு குடும்பமும் இரண்டு ஆடுகளும் நிற்கலாம்.

"வானிலைக்காரர் குடை பிடிக்கலாமா?"

"இது எனக்கில்ல. விரிச்சு உள்ளே பாருங்க."

பார்த்தாள். தொலைந்துபோகாமல் இருக்கக் குடைக்கடைக்காரர் எழுதித் தரும் வெள்ளைப் பெயிண்ட் எழுத்து. 'டீச்சர்' என்று இருந்தது. கீழே ஒரு தேதி. தவளை விழுந்ததற்கு மறுநாள். பெயிண்ட் காய்ந்து வெடிக்கக்கூடத் தொடங்கியிருந்தது.

"கொடுக்கத் தைரியம் வரல. நாலு மாசமா ஆபீஸ் பீரோவுல ஒளிச்சு வெச்சிருந்தேன். மேலதிகாரி பார்த்திருந்தா மானமே போயிருக்கும். சாட்சி கேட்டீங்களே... இதான். ஐ ஆம் கோயிங் டு மேரி யூ. அன்னிக்கே தீர்மானம் பண்ணிட்டேன்."

அந்தக் கண்களில் மேகம் திரண்டது. பெருகப்போகிறது என்று அவனுக்குத் தெரிந்தது. பெருகியது. அவன் உத்தியோகத்தில் ஒரே நாளில் இரண்டு கணிப்புகள் பலித்தது அதுவே முதல் தடவை.

"தப்பு," என்றாள்.

"இதுவுமா!"

"ஐ ஆம் மேரியிங் யூ. இதான் சரி."

"அது நிகழ்காலமாச்சே டீச்சர்?"

"அன்னிக்கு நடத்தும்போது எங்க பார்த்துட்டிருந்தீங்க?"

அவன் காது சிவந்தது.

"ஏற்பாடு முடிஞ்ச காரியத்துக்கு அப்படித்தான் சொல்லணும். வியாழக்கிழமையே அம்மாகிட்ட உங்களைப் பத்திச் சொல்லிட்டேன். கப்பல் வரல. நாளைக்குப் பத்து மணிக்கு நீங்கதான் வர்றீங்க... உங்க அம்மாவோட."

"அப்ப ரெண்டு நாளா ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்க குடை நாலு மாசம் பீரோவுல கிடக்கலையா? அப்படித்தான்."

"நாளைக்கு நான் வரலைன்னா?"

"வருவீங்க."

"அது வில்லாச்சே டீச்சர். சாட்சி?"

அவள் தன் கையை எடுத்து அவன் கைக்குள் வைத்தாள். மறு கையால் குடையை இருவர் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள். வானத்தில் ஒரு துணுக்கு மேகம்கூட இல்லை.