காற்றில்லாத குழாய்

பசையை யாரோ உரித்திருக்கிறார்கள் என்றுதான் வெர்னா மாக்கி முதலில் நினைத்தாள்.

காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டியின் பின்கதவைத் திறந்து டார்ச் அடித்ததும் அது கண்ணில் பட்டது. பிக்சர் டியூபின் ஒல்லியான கழுத்து நுனியில் தொப்பி மாட்டினாற்போல் செருகியிருக்க வேண்டிய சின்ன சர்க்யூட் அட்டை, மறுபடியும் கழன்று ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அது லூசானால் படம் போய்விடும். முதல் தடவை ஊசிக்கால்களைச் சுத்தம் செய்து செருகினாள். அடுத்த தடவை சாக்கெட்டையே மாற்றினாள். மூன்றாவது தடவை, போன செவ்வாய்க்கிழமை, சுற்றிலும் சிலிக்கான் பசை வைத்து, காயும்வரை உட்கார்ந்திருந்து, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள். இருபத்தாறு வருட ரிப்பேர் தொழிலில் அவள் ஒட்டியது பிரிந்து வந்ததில்லை.

பெட்டிப் பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. சாவி இரண்டு. ஒன்று அவளிடம். மற்றது ரூடி ஹைக்கினனிடம்.

ஹான்காக் ஊரில் அந்த பௌலிங் கூடத்தை ரூடி தனியாளாக நடத்த ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன் அவனும் மனைவி ஆர்லீனும் சேர்ந்து நடத்தினார்கள். வசந்தத்தில் ஆர்லீன் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகுதான், இந்த ஒரு மாதமாக, இந்தப் பெட்டி வாரத்துக்கு ஒரு தடவை படுக்கிறது, ரூடி போன் செய்கிறான், வெர்னா வந்தால் சூடாகக் காபியும் வெண்ணெய் தடவிய, ஏலக்காய் மணக்கும் நிசு ரொட்டியும் காத்திருக்கின்றன. ஒரு துண்டோடு விடமாட்டான். இதையெல்லாம் கூட்டிப் பார்க்க வெர்னாவுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"காபி ஆறுது வெர்னா."

"ரூடி, இங்க வா. ஒண்ணு கேக்கணும். மழுப்பாம சொல்லு. நீதான கழட்டுற?"

"எதை?"

"இந்த அட்டையை. நான் ஒட்டிட்டுப் போறேன், நீ புடுங்கிட்டு போன் போடுற. பேச ஆள் வேணும்னா நேரா கூப்பிடுப்பா, வந்து உக்காந்துட்டுப் போறேன். அதுக்கு மிஷினை ஏன் வதைக்கிற?"

ரூடியின் காதுமடல் சிவந்தது. கையிலிருந்த கோப்பையைப் பௌலிங் பந்துகள் அடுக்கிய தட்டில், பந்துகளுக்கு நடுவே வைத்தான்.

"அடிப்பாவி. நான் என்ன நெனச்சிட்டிருந்தேன் தெரியுமா? நீதான் வேணும்னே லூசா விட்டுட்டுப் போறேன்னு." சொன்னவன் சிரிக்கவில்லை. "மறுபடி ரிப்பேர் ஆகாதான்னு மனசுல நெனச்சிருக்கேன். மறைக்கல. ஆனா கை வைக்கல. ஆர்லீன் மேல சத்தியம்."

அவள் நம்பவில்லை. நம்பாததற்கு வெட்கமாகவும் இருந்தது. முகத்தை மறைத்துக்கொள்ள மறுபடியும் பெட்டிக்குள் குனிந்து பசையைப் பார்த்தாள். பிடுங்கியிருந்தால் ஒரு பக்கமாவது கிழிந்திருக்கும், அட்டை வளைந்திருக்கும். பசை வளையம் கிழியாமல், வெளிப்பக்கமாகப் பிதுங்கி, அப்படியே அட்டையோடு வந்திருந்தது. தள்ளினாற்போல. தள்ளுவதற்கு அட்டைக்கு அந்தப் பக்கம் டியூபைத் தவிர ஒன்றும் இல்லை.

"சரி, கண்ணாடியப் புடி," என்றாள்.

பின்னாலிருந்து வேலை பார்ப்பவளுக்கு முன்னாலிருக்கும் திரை தெரிய வேண்டுமே. ரூடி முகம் பார்க்கும் கண்ணாடியை இரண்டு கையாலும் தூக்கித் திரைக்கு எதிரே பிடித்தான். அவள் அட்டையைச் செருகி, கரண்ட் கொடுத்து, வழக்கம்போல இடது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டாள். ஷாக் அடித்தால் நெஞ்சு வழியே பாயும், அதனால் திறந்த பெட்டிக்குள் இரண்டு கையும் போகக்கூடாது என்பது அவள் தொழிலின் முதல் பாடம். டியூப் முனகி விழித்தது, சூடேறிய தூசியின் கருகல் வாசனை எழுந்தது, கண்ணாடிக்குள் படம் நீலமாகத் தெளிந்தது. எங்கே லூஸ் என்று தேட மரக்குச்சியால் அட்டையின் ஓரத்தை மெல்லத் தட்டினாள்.

டக்.

கொஞ்சம் தள்ளி இன்னொன்று. டக்.

அதன் பிறகு அவள் தட்டாத ஒரு டக்.

"விளையாடாத ரூடி."

"நானா? ரெண்டு கையும் இதுல இருக்கு, பாரு."

இருந்தன. கண்ணாடியின் இரு ஓரத்திலும் அவன் விரல்கள் தெரிந்தன. நடுவில் திரை. திரையின் மேல் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு உள்ளங்கை அச்சு.

"முன்னால கை வெச்சியா? அச்சு விழுந்திருக்கு. துடை."

ரூடி கண்ணாடியைத் திரைக்கு எதிரே ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு, சட்டைக் கையால் துடைத்தான். போகவில்லை. முன்னால் இருந்த பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி உள்பக்கம் துடைத்தான். போகவில்லை. டியூபின் முகத்தையே துணியை நனைத்து அழுத்தித் தேய்த்தான். தேய்க்கும் சத்தம் பாதியில் நின்றது.

"வெர்னா. இது வெளிய இல்ல."

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். படம் சுருங்கி, புள்ளியாகி, அணைந்தது. சன்னல் வழியே பனியின் சாம்பல் வெளிச்சம். நாற்காலிக் கண்ணாடியில் தெரிந்த இருண்ட திரையில் அச்சு அப்படியே இருந்தது. பக்கத்தில் இன்னொன்று விழுந்தது. மெதுவாக. முதலில் விரல் நுனிகள். பிறகு கணுக்கள். பிறகு உள்ளங்கை. முதுகுக்குப் பின்னால் எதையோ உந்தித் தள்ள ஒருவன் ஊன்றிக்கொள்வதுபோல.

அட்டை அசைந்தது.

குச்சியால் அழுத்தினாள். அது எதிர்த்தது. குச்சி வளைந்தது. பாக்கெட்டிலிருந்த கை தானாக வெளியே வந்தது. இரண்டு கையாலும் அழுத்தினாள். மில்லிமீட்டர் மில்லிமீட்டராக, அவள் பலத்தைச் சட்டை செய்யாமல், அட்டை வெளியே வந்தது. கழன்றது. தொங்கியது.

டியூபின் நுனியில் கண்ணாடி கிறீச்சிட்டது. விரிசல்.

ஸ்ஸ்ஸ்ஸ்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். டியூபுக்குள் துளிக் காற்று கிடையாது. ஆலையில் உறிஞ்சி எடுத்து மூடியிருப்பார்கள். நுனி உடைந்தால் வெளிக்காற்று ஒரே மூச்சாக உள்ளே பாயும். உள்ளே நிறைந்ததும் நின்றுவிடும். இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். அதோடு டியூபின் கதை முடிந்தது.

நின்றது.

"அவ்வளவுதான் ரூடி," என்றாள். "செத்துப்போச்சு."

கூடத்தில் இன்னும் ஹீட்டர் போடவில்லை. பெட்டிக்கு அந்தப் பக்கம் ரூடியின் மூச்சு வெள்ளையாக எழுந்து கரைவது அவளுக்குத் தெரிந்தது.

அவள் கைகளுக்கு நடுவே, டியூபின் உடைந்த நுனியிலிருந்தும் வெள்ளையாக வந்தது.

மணிக்கட்டில் பட்டது. வெதுவெதுப்பாக. ஈரமாக.

நின்றது.

மறுபடியும் உள்ளே இழுத்தது.