நாலாம் மாடி, இடப்பக்கக் கதவு

புதன்கிழமை காலை இராஜதுரையின் செருப்புகள் வெளியே போகிற திசையில் திரும்பிக் கிடந்தன. முப்பது வருடமாகச் சுவரைப் பார்க்கக் கழற்றி வைக்கிறவர் அவர். உள்ளே விரல் விட்டுப் பார்த்தார். கறுப்பு மணல், சூடு ஆறாமல்.

பாரிசில் ரூ காய் தெருச் சேலைக்கடையில் அவருடைய வாய்க்குத் தனி மவுசு. ஒன்றும் வாங்காமல் நழுவுகிறவரையும் "வீட்டுப் பக்கம் வாங்கோ" என்று அழைத்துத்தான் அனுப்புவார். அழைப்பது யாழ்ப்பாணத்து மரியாதை. வராமல் இருப்பது பாரிஸ் மரியாதை. வந்து சாப்பிட்டவர் திருப்பி அழைக்காமல் படியிறங்கக் கூடாது என்பதும் அந்த மரியாதையில் சேர்த்திதான். ஆனால் மனைவி செத்துப்போன இந்த இரண்டு வருடத்தில் ரூ பெர்தொனே தெருவில் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டியது மீட்டர் பார்க்கிறவன் மட்டும்.

போன ஞாயிறு அந்த வாய் மலையிலும் சும்மா இருக்கவில்லை. தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பேலிலிருந்து பஸ் பிடித்து ஓவெர்ன் எரிமலைகளைப் பார்க்கப் போன கூட்டத்தில் அவர் ஒருவர்தான் தனி ஆள். அணைந்துபோன மலைவாய் ஒன்றின் விளிம்பில் வழிகாட்டி மர்கரீத், "எண்ணாயிரம் வருடமாக இப்படியே தனியே கிடக்கிறது" என்றாள். மற்றவர்கள் படமெடுக்க, இராஜதுரை குனிந்து குழிக்குள் குரல் கொடுத்தார்:

"பாரிசுக்கு வந்தால் கட்டாயம் வீட்டுப் பக்கம் வாங்கோ! நாலாம் மாடி, இடப்பக்கக் கதவு. ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போகலாம்." தெருக்கதவைத் திறக்கிற இரகசிய இலக்கத்தையும் சொன்னார்.

பக்கத்து நகைக்கடை யோகராணி சிரித்தாள். "அண்ணை, இந்தக் கிடங்குக்கும் சீலை விக்கப் போறியளோ?"

"பாவம் பிள்ளை, தனிய எல்லோ கிடக்குது."

கீழிருந்து வெதுவெதுப்பாக ஒரு காற்று அவர் முகத்தைத் தடவியது. அதையும் பகிடியாகவே எடுத்துக்கொண்டார்.

இப்போது புதன் மாலை. மகள் கஜனிக்கு அழைத்தார்.

"பிள்ளை, ஒருக்கா வந்திட்டுப் போவன். சும்மா, சாப்பிட."

"இப்ப ஏலாது, அப்பா," என்று பிரெஞ்சில் சொல்லி வைத்துவிட்டாள்.

சோறும் மீன்குழம்பும் தட்டில் போட்டு மேசையில் வைத்தபோது, தீக்குச்சி உரசிய வாசம் கதவிடுக்கால் வந்து குழம்பு வாசத்தை மெல்ல மெல்லத் தின்றது. ஹீட்டர் போடாத அறையில் தரைப்பலகை உள்ளங்காலைச் சுட்டது. படிக்கட்டில், பாரமான எதுவோ சரளைக்கல்லில் கால் வைப்பதுபோல், மாடிக்கு மாடி நின்று, மூச்சு வாங்கி, ஏறி வந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

இடப்பக்கக் கதவு.

தட்டல்.

"இண்டைக்கு வசதியில்லை..." கடைக்காரப் புத்தி பேரம் பேசியது. "அடுத்த மாசம் பாப்பமே? முதல் போன் எடுத்திட்டு..."

காதைக் கதவில் வைத்தார். எரிந்தது. விலகினார்.

பின்னால் மேசையடியில் கதிரை முனகியது.

திரும்பினார். யாருமில்லை. தட்டு வழித்துத் துடைக்கப்பட்டிருந்தது. விளிம்பைச் சுற்றிச் சாம்பலில் விரல் தடங்கள். ஐந்துக்கு மேல்.

"நல்ல சாப்பாடு, அண்ணை."

அவருடைய சொந்தக் குரல். கடையில் பேசும் அதே குழைவு. கதவுக்கு வெளியிலிருந்து.

"இனி நீங்கள் எங்கடை பக்கம் வரவேணும். கட்டாயம்."

தாழ்ப்பாள் தானாக விலகியது. வெளியே படிக்கட்டு இல்லை. கறுப்பு மணற்சரிவு ஒன்று கீழே, இன்னும் கீழே இறங்கிப் போனது. வாசலில் அவருடைய செருப்புகள், அதைப் பார்த்தபடி, சோடியாக.