ராணியின் வாயை வெட்டியது யார்?

பட்டாசு என்று வகுப்பே கூப்பிடும் அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்று இரண்டு காதும் தக்காளிப் பழமாகச் சிவந்துவிட்டன. சிவக்காதா பின்னே?

பள்ளி விழாவில் வகுப்புக்கு ஒரு நாட்டின் நாடகம். ஐந்தாம் வகுப்புக்குக் கிடைத்தது பட்டாசின் அப்பா பிறந்த நாட்டுக் கூத்து. "பத்திரம்மா, பத்திரம்" என்று நூறு தடவை சொல்லித்தான் அப்பா தன் காகித முகமூடியைக் கொடுத்தனுப்பினார். ராணியின் முகம். வாய் மூடியிருக்கும். அதைப் போட்டவர் பேசக்கூடாது, ஆட மட்டும்தான் வேண்டும். திரைக்குப் பின்னால் இன்னொருவர் உட்கார்ந்து ராணிக்காகப் பேசுவார். அதுதான் அந்தக் கூத்தின் வழக்கம்.

இப்போது அந்த முகமூடி மேசைமேல் கிடந்தது. நாடக வாத்தியார் உதட்டை வெட்டி ஓட்டை போட்டுவிட்டார். கத்தரிக்கோல்கூடப் பக்கத்திலேயே இருந்தது.

வசனம் கணீரென்று கேட்க வேண்டாமா, சின்ன ஓட்டைதானே என்றார் வாத்தியார். ராணியாக நடிக்கும் வாயாடி வேறு அதற்குள் நாக்கை நீட்டிக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். பட்டாசு இனி அப்பா முகத்தில் எப்படி விழிப்பாள்?

கத்தவேண்டும்போல் இருந்தது. கத்தினால், பட்டாசு வெடித்துவிட்டது என்று இன்னும் சிரிப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சார், எங்க வழக்கப்படி ஒரே ஒரு தடவை ஆடிப் பாத்துடலாம். நீங்கதான் எதிரி ராஜா. வாயாடி, நீ வாயே திறக்கக்கூடாது."

வாயாடிக்கு அதைவிடப் பெரிய தண்டனை உண்டா? ஆனாலும் முகமூடியை மாட்டிக்கொண்டு நின்றாள். பட்டாசு திரைக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

ராணியின் அரண்மனைக் கதவை உடைத்துக்கொண்டு ராஜா நுழையும் காட்சி. வீட்டில் அப்பா சொல்லி அவள் எத்தனையோ தடவை கேட்ட வசனம்தான். அன்று அது அடிவயிற்றிலிருந்து வந்தது.

"கதவை ஏன் உடைச்சே? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே திறந்துவிட்டிருப்பேனே."

வாயாடியின் கை மெல்ல எழுந்து வாத்தியாரைச் சுட்டியது. ஒருவரும் சிரிக்கவில்லை. ராஜாவுக்கு அடுத்த வசனம் மறந்தே போனது.

"கேட்டிருக்கணும்மா," என்றார் வாத்தியார். "தப்பு என்மேலதான்."

சாயங்காலம் அவரே பசை காய்ச்சினார். முழங்கைவரை பசை. அப்பாவிடம் தானே வந்து சொல்வதாகவும் சொன்னார். உள்பக்கமாக ஒரு தாளை ஒட்டிவிட்டு, போதுமா என்று கேட்டார்.

பட்டாசின் ஒரு காது பழைய நிறத்துக்கு வந்திருந்தது. இன்னொன்று சிவப்பாகத்தான் இருந்தது.

"இன்னும் ஒரு தாள் ஒட்டுங்க சார்."