அறுபத்திரண்டு கிலோ மறைபெட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் குணவதியின் மகன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். அது அவனுக்குத் தெரியாது.

வந்தது அவனுடைய பதிலுரு. அந்தக் காலத்தில் மனிதர்கள் தங்கள் முகத்தையும் குரலையும் பேச்சு வழக்கத்தையும் ஒருமுறை பதிந்து கொடுத்துவிட்டால் போதும். காதுகுத்து, துக்கம் விசாரிப்பு, பெற்றோரைப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் ஒளியாலான பதிலுரு போய்வந்துவிடும். யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை. குணவதியும் நினைக்கவில்லை. மகன் திருமாறனின் பதிலுரு ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தது, முட்டிவலி எப்படியிருக்கிறது என்று கேட்டது, சிரிக்கும்போது அவனைப் போலவே தலையைச் சாய்த்தது. அது உட்கார்ந்திருக்கும்போது நாற்காலியின் மெத்தை அழுந்தாமல் இருப்பதை மட்டும் பார்க்காமலிருக்க அவள் பழகியிருந்தாள்.

அன்று ஏனோ கேட்டுவிட்டாள். "அவன் நிஜமா இப்ப எங்க இருக்கான்?"

"காட்டுல இருக்கேன்மா," என்றது பதிலுரு, அவன் குரலிலேயே. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. "பெட்டி தேடிட்டு இருக்கேன்."

கடல் ஏறி வந்த இருநூறு ஆண்டுகளில் பிச்சாவரத்துச் சதுப்புக்காடு சீர்காழியையும் விழுங்கிவிட்டுப் பரவியிருந்தது. வார இறுதிகளில் ஆயிரக்கணக்கானோர் கூடாரத்தைத் துடுப்புப் படகில் கட்டிக்கொண்டு அங்கே போனார்கள். முன்பின் தெரியாத யாரோ வேர்களுக்கிடையில் ஒளித்துவைத்த மறைபெட்டிகளை, பெட்டிப் பதிவகம் தரும் உத்தேச இடக்குறிப்பை வைத்துத் தேடினார்கள். பெட்டிக்குள் ஒரு குறிப்பேடும் பேனாவும் இருக்கும், அவ்வளவுதான். கண்டுபிடித்தவர் பெயர் எழுதியதும் பெட்டிப் பதிவகம் அவர் காதுக்குள் பொருத்திய செவிச்சில்லில் வாழ்த்துச் சொல்லும். ஒரு புள்ளி கூடும். திருமாறன் நாலாயிரம் பெட்டிகளை எடுத்தவன். ஒரே ஒரு பெட்டிக்காக நாற்பது கிலோமீட்டர் துடுப்புப் போட்டவன். அவன் குடியிருந்த அதே கோபுரத்தில்தான், பதினேழு மாடி கீழே, அம்மாவின் வீடு இருந்தது.

குணவதி இரண்டு நாள் யோசித்தாள். புதன்கிழமை ஒரு புதிய மறைபெட்டியைப் பதிவுசெய்தாள். படிவத்தை நேர்மையாகவே நிரப்பினாள். எடை: அறுபத்திரண்டு கிலோ. நிறம்: மாநிறம். தண்ணீர் புகுமா: தலைக்கு மேல் போனால் புகும். பதிவகம் மறுக்கவில்லை. பெட்டி எதனால் ஆனது என்பது பற்றி அதற்குக் கவலை கிடையாது.

வெள்ளிக்கிழமை ஒரு படகை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். துடுப்பு பழகும்வரை படகு இருந்த இடத்திலேயே சுற்றியது. மதியத்துக்கு மேல் ஒரு சுரபுன்னை மரத்தின் வேர்க்கூட்டுக்குள் கூடாரம் போட்டு, குறிப்பேட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நண்டுகள் சேற்றில் நகரும் சத்தமும் தண்ணீர் வடியும் சத்தமும் தவிர வேறில்லை. ஆனாலும் இந்தத் தனிமை வீட்டுத் தனிமையைவிட மேலாக இருந்தது. இங்கே அவன் வருவான்.

சனிக்கிழமை மதியம் வந்தான்.

"அம்மா! நீயா பெட்டி?" படகிலிருந்து அப்படியே சேற்றில் குதித்தான். "செம ஐடியாம்மா! நான்தானே முதல் ஆளு? வேற எவனும் கையெழுத்துப் போடலயே?"

"உன்னைத் தவிர எவன்டா வரப்போறான் இந்தச் சேத்துக்கு? உக்காரு. எலுமிச்சஞ்சோறு இருக்கு."

உட்கார்ந்து சாப்பிட்டான். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அவள் அவன் தோளைத் தொட்டாள். வியர்த்திருந்தது. முன்மண்டையில் முடி கொட்டியிருந்தது. பதிலுருவுக்கு இன்னும் கொட்டவில்லை.

"ஏன்டா இப்படிக் கறுத்துட்ட?"

"வெயிலும்மா. ஊறுகா இல்லையா?"

அந்த ஒரு மணி நேரத்தில் அவன் என்ன பேசினான் என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. பேசினான், அது போதுமாக இருந்தது. குறிப்பேட்டில் பெயர் எழுதிவிட்டு அவன் எழுந்தபோது, "அடுத்த வாரமும் வாடா. வத்தக்குழம்பு வச்சுக் கொண்டாரேன்," என்றாள்.

"ஒரே பெட்டிய ரெண்டு தடவ எடுத்தாப் புள்ளி வராதும்மா." அவள் முகத்தைப் பார்த்தான். "வேணும்னா ஒண்ணு பண்ணு. வேற இடத்துல, புதுப் பேருல பதிஞ்சுக்கோ. ஆனா நல்லா ஒளிஞ்சுக்கணும். இது ரொம்ப ஈஸி."

அடுத்த வாரம் அவள் இன்னும் பத்துக் கிலோமீட்டர் உள்ளே போனாள். அங்கே சேற்றுத் திட்டுகளுக்கு நடுவே, மூழ்கிப்போன ஒரு பள்ளிக்கூடத்தின் மொட்டைமாடி மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது. படகைப் புதருக்குள் தள்ளிவிட்டு, மாடியிலிருந்த பழைய சிமெண்ட் தொட்டிக்குள் இறங்கி, மேலே கண்டல் கிளைகளை இழுத்து மூடிக்கொண்டாள். மடியில் குழம்புத் தூக்கு.

காலை பத்தரைக்கு அவன் படகு வந்தது.

"அம்மா! குரல் குடுத்துடாத! குடுத்தாச் செல்லாது!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் கிளைகளை விலக்குவதும், சேற்றில் கால் புதைந்து திட்டுவதும் கேட்டது. ஒருமுறை தொட்டிக்கு இருபது அடி தூரத்தில் நின்று, "எங்கதான் போய் ஒளிஞ்ச நீ?" என்று முனகினான். 'இங்கதான்டா' என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. செல்லாது என்பதால் மட்டுமல்ல. இவ்வளவு நேரம் அவன் அவள் நினைவாகவே இருந்தது கிடையாது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். சில்லிட்ட சிமெண்டில் முட்டி மரத்துப்போனது. அவள் சந்தோஷமாக இருந்தாள்.

மூன்றாவது மணி நேரத்தில் சத்தம் நின்றது. ஏதோ ஒரு மூடி அழுந்தும் ஓசை. பிறகு துடுப்பின் ஓசை, விலகி விலகி.

செவிச்சில்லில் பதிவகம் சொன்னது: "வாழ்த்துகள். உங்கள் மறைபெட்டியைத் திருமாறன் கண்டுபிடித்துவிட்டார்."

குணவதி அவசரமாக மேலே ஏறிப் பார்த்தாள். கால்வாயில் யாரும் இல்லை. மாடியின் விளிம்பில், ஒரு வேரோடு சேர்த்துக் கட்டிய சின்னப் பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. தேடிக் களைத்தவர்கள் தங்களிடமிருக்கும் பெட்டியொன்றை அந்த இடத்தில் வைத்துவிட்டு, அதையே கண்டெடுத்ததாக எழுதிக்கொள்வது ஆட்டக்காரர்களின் வழக்கம். பின்னால் வருகிறவர்கள் ஏமாந்துபோகக் கூடாது என்ற நல்லெண்ணமும் அதில் உண்டு.

பெட்டியைத் திறந்தாள். புதிய குறிப்பேட்டின் முதல் வரி அவன் கையெழுத்தில் இருந்தது. 'கண்டெடுத்தேன். அருமையான பெட்டி. நன்றி, அம்மா.'

ஒருவேளை திரும்பி வருவான் என்று அவள் அங்கேயே தங்கினாள்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் பதினோரு பேர் வந்தார்கள். முதலில் வந்தவரிடம், "அது இல்லீங்க, நான்தான் பெட்டி," என்று சொல்லிப் பார்த்தாள். அவர் மரியாதையாகச் சிரித்தார், பிளாஸ்டிக் பெட்டியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

கடைசியாக ஓர் இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் குறிப்பேட்டைப் படித்துவிட்டு, "பாருங்களேன், அம்மாவுக்கு நன்றின்னு எழுதியிருக்கான். எவ்வளவு பாசம்!" என்று கணவனிடம் காட்டினாள். பெட்டியைப் படமெடுக்கக் குனிந்தவள், நிமிர்ந்து குணவதியைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்கிறீங்களாம்மா? படத்துல விழுறீங்க."

குணவதி தள்ளி உட்கார்ந்தாள்.