மூட்டையின் பக்கம் திறக்கவில்லை

ஓர் ஆச்சரியக்குறிக்கு நன்றி சொன்ன ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான்தான் அந்த ஆள். சிரிப்பதானால் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

வீட்டில் என்னை நண்டு என்று கூப்பிடுவார்கள். எதையாவது பிடித்தால் லேசில் விடமாட்டேனாம். அம்மா ஒரு விலங்குக் காப்பகத்தில் வேலை பார்க்கிறார். வீடில்லாத நாய்களும் பூனைகளும் அங்கே இருக்கும். பள்ளி விட்டதும் நேராக அங்கேதான் போவேன்.

அங்கே எனக்கு மூட்டை என்றால் உயிர். பழுப்பு நிற நாய். துணிமூட்டை மாதிரி மூலையில் சுருண்டு கிடப்பான். கதவு படாரென்று சாத்தினால் போதும், மேசைக்கு அடியில் போய்விடுவான். என்னைக் கண்டால் வாலை இரண்டு தடவை ஆட்டுவான். மூன்றாவது தடவை ஆட்டச் சோம்பல்.

அவனை எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நாய் முடி பட்டால் தம்பிக்கு மூச்சு இழுக்கும்.

தினமும் காலை ஆறு மணிக்குக் காப்பகத்திலிருந்து முந்நூறு பேருக்கு ஒரு மெயில் போகும். யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. மாமா செய்து கொடுத்த புரோகிராம் தானாகவே எழுதி அனுப்பிவிடும். முதலில் ஒரு வணக்கம். பிறகு ஒவ்வொரு விலங்கின் படமும் அதைப் பற்றி நாலு வார்த்தையும். படத்தை அழுத்தினால் அந்த விலங்கின் பக்கம் திறக்கும். விண்ணப்பம் அங்கேதான் இருக்கும்.

"ரொம்ப நாளா காத்திருக்கிறவங்க முதல்ல வரட்டும்" என்று அம்மா சொல்லியிருந்தார். அதனால் நாலு மாதமாக மூட்டைதான் பட்டியலில் முதல் ஆள்.

அந்த மெயிலில்தான் ஆச்சரியக்குறிகள் முளைத்தன. 'மிகவும் சா!துவான பூனை' என்று ஒரு நாள் வந்தது. 'எல்லா ஊசியும் போட்டா!யிற்று' என்று இன்னொரு நாள். அம்மா தான் எழுதிக் கொடுத்ததை எடுத்துப் பார்த்தார். அதில் ஒரு குறிகூட இல்லை. போகிற வழியில் எங்கேயோ ஏறிக்கொண்டிருந்தன.

மாமாவுக்கு போன் செய்தால், "விடுக்கா, ஒரு குறிதானே, கடிச்சா வைக்கப்போகுது" என்று சொல்லிவிட்டார்.

ஒருவர் மட்டும் விடவில்லை. கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் செய்பவர் என்று அவர் மெயிலின் அடியில் இருக்கும். எங்களுக்கு அவர் முகம் தெரியாது. தினமும் அவரிடமிருந்து ஒரே பதில் வரும். 'மறுபடியும் ஆச்சரியக்குறி. திறக்கவில்லை.'

மெயில் திறக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அம்மா அதே மெயிலை மறுபடியும் அனுப்பிவைப்பார். மறுநாளும் அதே பதில் வரும்.

"இந்த மனுஷனுக்கு வேற வேலையே இல்லையா?" என்று அம்மா தலையில் கைவைத்துக்கொள்வார்.

ஒரு வியாழக்கிழமை நான் போனபோது அம்மாவின் முகம் சரியாக இல்லை.

"நண்டு, கூரை வேலை ஆரம்பிக்கிறாங்க. சனிக்கிழமை வண்டி வருது. அதுக்குள்ள வீடு கிடைக்காதவங்க எல்லாம் பெரிய காப்பகத்துக்குப் போகணும்."

"மூட்டையுமா?"

"நாலு மாசமா அவனை ஒருத்தர்கூடக் கேட்கலையேடி."

பெரிய காப்பகத்தில் இருநூறு நாய்கள். பகல் முழுக்கக் குரைப்புச் சத்தம். ஒரு கதவுச் சத்தத்துக்கே மேசைக்கு அடியில் போகிறவன் அங்கே என்ன செய்வான்? எனக்கு அழுகை வந்தது. அழுதேன், மறைக்கவில்லை.

அழுது முடித்ததும் அம்மாவின் கம்ப்யூட்டரில் அன்றைய மெயிலைத் திறந்தேன். மூட்டையின் பக்கத்தையாவது ஆசைதீரப் பார்க்கலாம் என்று அவன் படத்தை அழுத்தினேன்.

'இப்படி ஒரு பக்கம் இல்லை' என்று வந்தது.

அடுத்த பூனையை அழுத்தினேன். திறந்தது. அதற்கடுத்த நாயும் திறந்தது. மூட்டை மட்டும் திறக்கவில்லை. மேலே பக்கத்தின் முகவரியைப் பார்த்தேன். அதன் நட்டநடுவில் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது ஓர் ஆச்சரியக்குறி.

"அம்மா, யாரும் கேட்கலைன்னு சொன்னீங்களே. கேட்கவே வழி இல்லம்மா" என்றேன்.

அம்மா எட்டிப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பூட்டுக்காரர் திறக்கலைன்னு சொன்னது இதைத்தானா? நான் பாட்டுக்கு அதையே திரும்பத் திரும்ப அனுப்பினேனே."

தினமும் இதே இடத்தில் ஏன் வருகிறது? மெயிலுக்குப் பின்னால் புரோகிராம் எழுதியிருக்கும் எழுத்துகளை அம்மா காட்டினார். குறியின் மேல் அம்பை வைத்தால் அது எத்தனையாவது எழுத்து என்று கீழே எண் வரும். தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. முந்தைய நாள் மெயிலிலும் அதே தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. போன வார மெயிலிலும் அதேதான். வணக்கமும் முதல் ஆளும் மாறுவதே இல்லை, அதனால் அந்த இடம் தினமும் மூட்டையின் முகவரிக்குள்ளேயே விழுந்தது.

மாமாவுக்கு போன் போட்டேன். மாமா பேச ஆரம்பித்தால் நடுவில் புள்ளியே இருக்காது.

"அட ஆமா நண்டு, சில கம்ப்யூட்டருங்க மெயிலை வாங்கி அனுப்பும்போது ஒரு வரி இவ்வளவு நீளம்தான்னு வெச்சிருக்கும், அதைத் தாண்டினா அதுங்களே வெட்டிட்டு வெட்டின இடத்துல ஒரு குறியைப் போட்டுடும், நான் என்னடான்னா மொத்த மெயிலையும் ஒரே வரியா..."

"மாமா, நேத்து கிளாஸ்ல நான் பாடத்தை மூச்சு விடாம வாசிச்சேன். நடுவுல இருமல் வந்துடுச்சு. ஒவ்வொரு வரிக்கும் மூச்சு விடுன்னு டீச்சர் சொன்னாங்க."

"சரி, அதுக்கு?"

"உங்க புரோகிராமும் உங்களை மாதிரியே பேசுது. ஒவ்வொரு விலங்கு முடிஞ்சதும் அடுத்த வரிக்குப் போகச் சொல்லுங்க. வணக்கத்துக்கும் தனி வரி."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். பத்து நிமிடத்தில் சோதனைக்கு ஒரு மெயில் வந்தது. ஒரு குறிகூட இல்லை. மூட்டையின் படத்தை அழுத்தினேன். சுருண்டு படுத்த கோலத்தில் திரை முழுக்க வந்தான்.

"முதல்ல பூட்டுக்காரருக்குச் சொல்லணும்மா. பாவம், நம்மளை நம்பித் தினமும் எழுதியிருக்கார்."

நானே எழுதினேன். 'சரியாகிவிட்டது. நீங்கள் சலிக்காமல் சொன்னதற்கு மிக்க நன்றி. தாமதமாகப் புரிந்துகொண்டதற்கு மன்னியுங்கள்.'

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மெயில் போனது. ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு ஒரு பதில் வந்தது. 'திறந்தது. நாய் எனக்கு.'

அன்று மாலை ஒல்லியாக, உயரமாக ஒருவர் வந்தார். இடுப்பில் சாவிக்கொத்து. அது குலுங்கிச் சத்தம் போடாமல் ஒரு கையால் பிடித்தபடி மூட்டைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"சார், நேரா வந்தே கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"படத்தை அழுத்தி விண்ணப்பம் போடச் சொல்லியிருந்தீங்க. திறக்கலை. யாரோ வாங்கிட்டாங்கன்னு நினைச்சேன். மறுநாளும் படம் வந்துச்சு. ஊர்ல உள்ள பூட்டெல்லாம் திறக்கிறவனுக்கு இது மட்டும் திறக்கலை." கொஞ்சம் யோசித்து, "இவனுக்குச் சத்தம் ஆகாதுன்னு போட்டிருந்தீங்க. எனக்கும் ஆகாது" என்றார்.

மூட்டை மெதுவாக எழுந்துவந்து அவர் காலை மோந்து பார்த்தான். வாலை ஆட்டினான். நான் எண்ணினேன். மூன்று தடவை.

அம்மா இரண்டு கைகளையும் கூப்பினார். "உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் சார். நண்டுதான் கோளாறைக் கண்டுபிடிச்சா. ரொம்ப நன்றி."

"நன்றியை இந்தப் பொண்ணுக்குச் சொல்லுங்க" என்றார் அவர். நான் மூட்டையின் காதைத் தடவிக்கொடுத்தேன்.

சனிக்கிழமை வண்டி வந்தது. மூட்டை இல்லாமலே போனது. அந்தக் குறி வழியை அடைத்திருக்காவிட்டால் அவன் எப்போதோ வேறு யாரிடமாவது போயிருப்பான் என்று தோன்றியது, அதனால் அதற்கும் ஒரு நன்றி சொன்னேன்.

அடுத்த வாரம் பூட்டுக்காரரிடமிருந்து ஒரு மெயில். 'மூட்டை நலம். மிக்க நன்றி!'

"ஐயையோ, மறுபடியும் வந்துடுச்சா?" என்று அம்மா பதறினார்.

நான் கீழே இருந்த வரியைக் காட்டினேன்.

'பயப்பட வேண்டாம். இந்தக் குறி நானே போட்டது.'