ப்ளம் குடிக்காத தண்ணீர்

டில்டா வீட்டு மாடு ப்ளம்முக்குக் குழாய்த் தண்ணீர் என்றால் ஆகவே ஆகாது. தொட்டியை ஒரு தடவை மோந்து பார்க்கும். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு நேரே மேய்ச்சல் நிலத்தில் இருக்கும் அகழிக்கு நடையைக் கட்டிவிடும்.

எழுநூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு பண்ணைக்காரர் தன் வீட்டைச் சுற்றி வெட்டிய அகழி அது. இப்போது வீடு இல்லை. நடுவில் புல்மேடும், சுற்றிலும் பாசி படர்ந்த நீரும்தான் மிச்சம்.

பழைய இடங்களைப் பாதுகாக்கும் அதிகாரி பார்ஜெட்டர் அம்மா அன்று பார்வையிட வந்தார். வந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயையோ! கரையெல்லாம் சரிஞ்சு கிடக்கே! யார் பண்ணின வேலை இது?"

"ம்மா!" என்றது ப்ளம். தானாகவே ஒப்புக்கொண்டுவிட்டது, பாவம்.

"வேலி போட்டுடறேன்ங்க" என்றார் அப்பா.

"கம்பம் நடக் குழி தோண்டணுமே! இங்க ஒரு குழிகூடத் தோண்டக் கூடாது. அந்தக் காலத்து வீடு மண்ணுக்குள்ளதான் இருக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை வருவேன். அதுக்குள்ள மாடு அகழியில இறங்கறது நிக்கணும்."

அவர் போனதும் அப்பா பெருமூச்சு விட்டார். "நமக்கு இருக்கறது இந்த ஒரே மேய்ச்சல் நிலம். ப்ளம்மை வித்துட வேண்டியதுதான், கண்ணு."

கன்றாக இருந்தபோது புட்டிப்பால் கொடுத்து ப்ளம்மை வளர்த்தவளே டில்டாதான்.

அப்பா டீ போடப் போனார். கெட்டிலில் தண்ணீர் பிடிப்பதைப் பார்த்த டில்டா துள்ளி எழுந்தாள்.

"அப்பா! லண்டன் அத்தை வீட்டுக்குப் போனப்ப டீ போட இங்கிருந்தே தண்ணி எடுத்துட்டுப் போனீங்கல்ல?"

"ஆமா. அந்த ஊர்த் தண்ணியில டீ போட்டா வாயில வைக்க முடியுமா?"

"ப்ளம்மும் உங்களை மாதிரிதான்ப்பா!"

அன்றே தொட்டியைக் காலி செய்து, அகழி நீரைப் பாசியோடு ஆறு வாளி சுமந்து ஊற்றினாள். ப்ளம் மோந்தது. மடமடவென்று குடித்தது! மறுநாள் ஐந்து வாளி அகழி நீர், ஒரு வாளி குழாய்த் தண்ணீர். அதற்கடுத்த நாள் நான்கும் இரண்டும். தோள் விண்விண்ணென்று வலித்தது. ஆனாலும் அவள் விடவில்லை.

வெள்ளிக்கிழமை தொட்டியில் இருந்தது முழுக்கக் குழாய்த் தண்ணீர். பார்ஜெட்டர் அம்மா கையில் தாளோடு வந்து நின்றார். ப்ளம் அகழிப் பக்கம் ஓர் அடி வைத்தது.

ப்ளம் திரும்பியது. தொட்டியில் வாய் வைத்து வயிறு முட்டக் குடித்தது.

குடித்து முடித்த கையோடு, சொட்டச் சொட்ட ஈர மூக்கை அதிகாரியின் தாளில் தேய்த்தும் விட்டது. 'மாட்டை அப்புறப்படுத்தவும்' என்ற வரி மையாகக் கரைந்து வழிந்தது.

பார்ஜெட்டர் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "அந்த வரியை நானே அடிச்சுடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இவளுக்கு என்ன அவசரம் பாரேன்!"